'நலம் 1' என்று நீ எழுதிய குழாய்

ஆய்வகத்து உறைபெட்டியைத் திறந்ததும் குளிர்ப்புகைக்குள் உன் கையெழுத்து தெரிந்தது. 'நலம் 1'. இத்தனை வருடத்தில் மை கொஞ்சமும் கலையவில்லை, மாப்ள.

நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? நோயாளியின் மரபணுவோடு ஒப்பிட நோயில்லாத ரத்தம் வேண்டுமென்றால் வெளியே தேட மாட்டோம். நம்மில் ஒருவர் கையை நீட்டுவார்; அந்தக் குழாயில் 'நலம்' என்று எழுதுவோம். அன்று நீ நீட்டினாய். "என் எலும்பு யானைமலைக் கல்லுடா, எடுத்துக்க" என்று சிரித்தாய்.

நாம் தேடியதும் எலும்பு கல்லாகிற நோயைத்தான். எலும்பைக் கட்டுகிற செல் உண்டு, பழையதை அரித்துத் தின்கிற செல்லும் உண்டு. தின்கிறது படுத்துக்கொண்டால் எலும்பு இறுகி, ரத்தம் ஊறும் மஜ்ஜைக்கு இடமில்லாமல் போகும். கண் நரம்பும் நெரிபடும். அன்று வந்த நோயாளிக் குழந்தையிடம் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்து இரட்டையாக இருந்த மரபணுப் பிழை, உன் ரத்தத்தில் ஒற்றையாக இருந்தது. ஒற்றையால் உனக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் உன் முகம் வெளுத்துவிட்டது.

"எங்க அண்ணன் ஒருத்தன் கண்ணு தெரியாம ஒன்றரை வயசுல போயிட்டான்டா. கண்ணு பட்டுருச்சுன்னு அம்மா சொல்லும்" என்றாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "யார்ட்டயும் சொல்லிராத மாப்ள. என் மகளை எவனும் கட்ட மாட்டான்."

வாக்குக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நீ இறந்துபோன மறுவருடம் உன் மகளை உன் தங்கை மகனுக்கே பேசி முடித்தார்கள். உன் மகளிடம் அந்தப் பிழை இருக்கலாம், உன் தங்கையிடமும் அவள் மகனிடமும் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சோழவந்தான் மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்று காலை உன் மகள் வந்தாள், தோளில் ஐந்து மாத உன் பேரன். "வெளிச்சத்தப் பாக்கவே மாட்டேங்கிறான் மாமா. டாக்டர் இங்க அனுப்புனாரு" என்றாள். அவன் நெற்றி புடைத்திருந்தது. அவன் ரத்தத்தோடு ஒப்பிடத்தான் உன் குழாயைத் தேடி எடுத்தேன்.

மஜ்ஜை மாற்றினால் உயிர் தங்கலாம். போன பார்வை திரும்பாது. பிறந்த வாரமே தெரிந்திருந்தால் கண்ணுக்கும் ஏதாவது முயன்றிருக்கலாம். அந்த ஐந்து மாதத்தைத் தின்றது நான்தான்.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள்: "எங்க வீட்ல யாருக்கும் இப்பிடி இருந்ததில்லையே மாமா?" நாளை வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் குழாயின் பனி உருகி, உனக்கு எழுதும் இந்தத் தாளை நனைக்கிறது. நாளை முடிவு வாங்க வருவாள். உனக்குக் கொடுத்த வாக்கை இதுவரை சுமந்தது போதும். அவளிடம் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: "இருந்துச்சும்மா. உங்க அப்பாவுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்."