நீ இழுத்துவிட்ட கம்பி

என் தங்கச்சியைக் கட்டிய என் அருமை மாப்பிள்ளை மணியத்துக்கு,

எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் தேவி எழுதுகிறாள். நாளைக்கு உன் கருமாதியில் எல்லாருக்கும் இதைப் படித்துக் காட்டுவாள்.

கோயில் திடலில்தான் சாப்பாட்டுக் கூடாரம். நீ போனதிலிருந்து வெட்டாத புல், முழங்காலைத் தொட்டது. நீ ஏறி உட்கார்ந்து ஓட்டுவாயே, அந்தப் புல்வெட்டி வண்டியைக் கொட்டகையிலேயே முடுக்கினோம். எஞ்சின் நன்றாக ஓடியது. மிதியை அமுக்கினால் சக்கரம் மட்டும் அசையவில்லை.

பக்கத்து டவுன் லுக்குட்டிலிருந்து, வாய்க்கு வாய் 'லா' போடும் மெக்கானிக் வந்தான். பெல்ட்டைப் பார்த்தான், எண்ணெயைப் பார்த்தான். "கியர்பெட்டி போச்சு அங்கிள். பழைய இரும்புக்கடைக்குப் போட்டுருங்க லா" என்றான்.

தேவி லாரியை வரச் சொல்லிவிட்டாள். உன் வண்டியை நசுக்கவா கொடுப்பது?

லாரியில் ஏற்ற, தேவி ஒருத்திதான் தள்ளினாள். வண்டி சைக்கிள் மாதிரி உருண்டது. சக்கரத்தை விடுவிக்காவிட்டால் நாலு பேர் தள்ளினாலும் நகராத வண்டியல்லவா அது? அப்போதுதான் நீ ஞாபகத்துக்கு வந்தாய்.

சாயங்காலம் வெட்டிவிட்டுத் திரும்பும்போது, முனீஸ்வரர் சந்நிதி வந்தால் எஞ்சினை அணைப்பாய். பின்னால் இருக்கும் கம்பியை இழுத்துச் சக்கரத்தை விடுவித்து, கொட்டகைவரை தள்ளிக்கொண்டே போவாய்.

"காவல்கார சாமி முன்னாடி சத்தம் போடலாமா மச்சான்?" என்பாய்.

"வெடிக்கே அசராத சாமி, உன் தகர டப்பாவுக்கா முழிக்கப் போவுது?" என்று நான் சிரிப்பேன்.

காலையில் சந்நிதி தாண்டிய பிறகுதான் கம்பியை உள்ளே தள்ளி, சக்கரத்தை எஞ்சினோடு சேர்ப்பாய். குனிந்து பார்த்தேன். கடைசிச் சாயங்காலம் நீ இழுத்த கம்பி, இழுத்தபடியே இருந்தது.

"அடடா, இத நான் பாக்கவே இல்ல லா!" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான்.

தேவி கை வைக்கப் போனாள். இரும்மா என்றேன். உன் கை கடைசியாக விட்டுப்போன இடம் அது. அதையும் மாற்றிவிட்டால் நீ எங்கே இருப்பாய்?

"உள்ள தள்ளுங்க மாமா. புல்லு இப்படிக் கெடந்தா அப்பா திட்டுவாரு."

தள்ளினேன். லாரி வெறுமனே திரும்பிப் போனது.

திடல் முழுக்கத் தேவிதான் வெட்டினாள். திரும்பும்போது சந்நிதி முன்னால் யாரும் சொல்லாமலே எஞ்சினை அணைத்து இறங்கி, கம்பியை இழுத்தாள். இரண்டு பேருமாகத் தள்ளினோம்.

காலையில் அதை உள்ளே தள்ள மறக்க மாட்டேன் மாப்ளே. நான் இல்லாத காலையில் தேவி தள்ளுவாள்.

உன் தகர டப்பாவைக் கிண்டல் செய்தே கிழவனான
உன் மச்சான் கறுப்பையா