குப்பைக் கூடையில் தீக்குச்சித் தலைகள்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நானும் வாலுவும் நலம். உன் முட்டிவலியும் அத்தானின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று எழுது. போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தால் போதும், வாலு கண்ணைப் புத்தகத்தில் வைத்துவிட்டுக் காதை என் பக்கம் அனுப்பிவிடுகிறாள். பதினோரு வயதுப் பெண் கேட்கக் கூடாத விஷயம் இது. அதோடு உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. எழுதிக் கேட்டால்தான் நீ மழுப்ப மாட்டாய்.

நான் வேலைக்குப் போன பிறகு இந்த வீட்டுக்குள் யாரோ வந்து போகிறார்கள்.

பதறாதே, எதுவும் திருட்டுப் போகவில்லை. போயிருந்தால்கூட போலீசில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இங்கே நடப்பது தலைகீழாக இருக்கிறது. உடைந்து கிடந்த சாமான்கள் ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டு வருகின்றன. சமையலறைக் குழாய் நாலு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு கிண்ணம் வைத்துப் பழகியிருந்தேன். மூன்று வாரம் முன்பு ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் கிண்ணம் காய்ந்து கிடக்கிறது. தானாக நின்றிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் குளியலறைக் கதவு. அது கீல் தளர்ந்து தொங்கிப்போய், காலால் ஓர் உதை கொடுத்தால்தான் சாத்தும். வழக்கம்போல உதைத்தேன். அது சமர்த்தாகச் சாத்திக்கொண்டதில் நான்தான் நிலை தடுமாறி விழப் பார்த்தேன்.

குழாய் தானாக நிற்கலாம். கதவு தானாக நிமிருமா?

அன்றிலிருந்து வீட்டைச் சல்லடை போட்டுச் சலிக்கிறேன். குப்பைக் கூடையில் தீக்குச்சித் தலைகள் கிடந்தன. கறுப்பு மருந்துத் தலையை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், குச்சியைக் காணோம். எண்ணினேன், ஒன்பது. துணி சோப்பின் நடுவில் நீளமாக ஒரு பள்ளம். இரும்புக் கம்பியை வைத்துத் தேய்த்த மாதிரி இருக்கிறது. தீக்குச்சியின் தலையை வெட்டி, சோப்பில் கோடு கிழிக்கிற ஆள் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான், நீயே சொல்.

வாலுவைக் கேட்டேன். “எனக்கென்னம்மா தெரியும், நான் ஸ்கூல்ல இருக்கேன்” என்றாள், தலையை நிமிர்த்தாமல். மூன்றரைக்கு வந்து நான் வருகிற ஆறரை வரை தனியாக இருக்கிறவள் அவள். யாராவது அவளை, வெளியே சொல்லாதே என்று மிரட்டி வைத்திருக்கிறார்களா? குழாயும் கதவும் எப்படியோ போகட்டும், எனக்கு அவளைப் பற்றித்தான் பயம்.

முதல் சந்தேகம் மாடியில் இருக்கிற ஓனர் மேல். மாற்றுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. குழாய்க்கு ஒரு வாஷர் போடச் சொல்லி மாதக்கணக்கில் கேட்டேன், “பாக்கலாம்மா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அப்படிப்பட்டவர் சத்தமில்லாமல் வீட்டைச் செப்பனிடுகிறார் என்றால், எங்களைக் கிளப்பிவிட்டு வேறு யாரையோ குடிவைக்கப் பார்க்கிறார் என்றுதானே அர்த்தம்?

அடுத்த சந்தேகம் அவர் மேல். ஆமாம், உன் தங்கை புருஷன் மேல்தான். வாலு இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டாள் என்று அவர் அவளை அறைந்தது உனக்குத் தெரியும். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது அவள் கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தது. பிள்ளை மேல் கை வைக்கிற ஆள் இந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனார். நியாயம் இருந்தால் பேசியிருக்க மாட்டாரா? இப்போது வெளியூரில் ஒரு பெரிய ஓட்டலில் பராமரிப்பு வேலை. வாரம் ஒரு கடிதம் வருகிறது. நான் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை, அலமாரியில் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நம் அப்பா ராத்திரி அடித்துவிட்டுக் காலையில் மிட்டாய் வாங்கிவந்து நீட்டுவாரே, அந்த மிட்டாய்தான் இந்தக் கடிதங்கள். வாயில் போட்டால் அடி மறந்துவிடும். நான் மறக்கத் தயாராக இல்லை.

வீட்டுச் சாவி ஒன்று இன்னும் அவரிடம் இருக்கிறது. அதனால் நேராகவே கேட்கிறேன். நான் வேலைக்குப் போகிற நேரம், வருகிற நேரம் எதையாவது நீ அவரிடம் சொன்னாயா? கோபித்துக்கொள்ளாமல் உண்மையை எழுது.

இப்படிக்கு,
உன் தங்கை

*

புதன்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் கிடைத்தது. அவரிடம் பேசவே இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறாய். நம்புகிறேன். ஆனாலும் நாலு வரிக் கடிதத்தில் மூன்று சத்தியம் எதற்கு என்றுதான் யோசிக்கிறேன். சரி, போகட்டும்.

ஓனரிடம் மாடியேறிப் போய்க் கேட்டேவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. “நான் எதுக்கும்மா உங்க வீட்டுக்குள்ள வரப்போறேன்? என் வீட்டுக் குழாயே ஒரு மாசமா ஒழுகுது. உங்க வீட்டுக்கு வர்ற ஆளு யாருன்னு தெரிஞ்சா இங்கயும் அனுப்புங்க” என்றார். உள்ளே கூட்டிப்போய்க் காட்டவும் செய்தார். உண்மைதான், அங்கே கிண்ணமல்ல, வாளியே வைத்திருக்கிறார்கள். அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

மிச்சம் ஒரே ஆள். அதை உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு பொறி வைத்தேன். என் வேலைதான் உனக்குத் தெரியுமே. நாளெல்லாம் தைத்து வந்த சட்டைகளில் குறை பார்ப்பது. தையல் விட்டிருந்தாலோ பொத்தான் கோணலாக இருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவோம். குறையைச் சரிசெய்கிறவர்தான் ஸ்டிக்கரை எடுக்க வேண்டும். சரிசெய்யாமல் எடுத்தால் வேலை போய்விடும். இந்தச் சட்டம் வெளியாட்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் என் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வந்த ஸ்டிக்கரை எடுத்துவிட்டு, குறை எங்கே என்று கேட்டுச் சிரித்தவர் அவர்.

போன வாரம் திங்கட்கிழமை மூன்று ஸ்டிக்கர் ஒட்டினேன். நகராத ஜன்னல் தாழ்ப்பாளில் ஒன்று. பிடி கழன்ற மேஜை இழுப்பறையில் ஒன்று. படுக்கையறை ஃபேன் சுவிட்சில் ஒன்று, அதைப் போட்டால் உள்ளே சடசடவென்று பொறி தெறிக்கிறது. வாலுவுக்குத் தெரியாமல்தான் ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை தாழ்ப்பாள் வெண்ணெய் மாதிரி வழுக்கியது, ஸ்டிக்கர் இல்லை. வெள்ளிக்கிழமை இழுப்பறைப் பிடி இறுகியிருந்தது, ஸ்டிக்கர் இல்லை. சுவிட்ச் மட்டும் பாக்கி. இனி என்ன சந்தேகம்? அவர்தான். நான் இல்லாத நேரமாகப் பார்த்து, என் பெண்ணைக் கையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் நுழைந்து நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார். நாளைக்கு அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

என்ன பேச வேண்டும் என்று மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்குக் கட்ட அந்த நீலப் புடவையை எடுத்து வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே என் மேல் சந்தேகமாக இருக்கிறது.

உன் தங்கை

*

சனிக்கிழமை

வாலுவின் அப்பாவுக்கு,

நான்தான் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டாம். வாலு நன்றாக இருக்கிறாள். கன்னம் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது, இன்றைக்கு அதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போனதிலிருந்து பழுதாகிக் கிடந்தவை எல்லாம் ஒரு மாதமாகத் தானாகச் சரியாகிக்கொண்டு வந்தன. நீங்கள்தான் எனக்குத் தெரியாமல் வந்து போகிறீர்கள் என்று நினைத்தேன். உங்களைப் பிடிக்க, பொறி தெறிக்கிற ஃபேன் சுவிட்சில் என் வேலையிடத்து ஸ்டிக்கரை ஒட்டி வைத்துவிட்டு, வியாழக்கிழமை நாலு மணிக்கே வந்து கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். படுக்கையறையில் வாலு ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். சுவிட்ச் மூடியைக் கழற்றியிருந்தாள். கையில் ஸ்க்ரூடிரைவர். பக்கத்து மேஜையில் உங்கள் கடிதம் ஒன்று, தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தது.

மெயினை அணைத்திருந்தாள். காலில் ரப்பர் செருப்புப் போட்டிருந்தாள். டெஸ்டரை வைத்து இரண்டு தடவை பார்த்திருந்தாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் அவள் விரலும் சிவப்புக் கம்பியும் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. எப்படிக் கீழே இழுத்தேன் என்று தெரியாது. அறைந்த பிறகுதான் அறைந்தேன் என்று தெரிந்தது. நாலு விரலும் பதிந்தது.

அவள் அழவில்லை. “மெயின் ஆஃப்ல இருக்கும்மா. நீதான ஸ்டிக்கர் ஒட்டுன, அதான் செஞ்சேன்” என்றாள். குறை இருந்தால் ஒட்டுவோம், சரிசெய்தால் எடுப்போம் என்று அவளுக்கு நான்தானே சொல்லியிருக்கிறேன். உங்களைப் பிடிக்க வைத்த பொறியில் என் பிள்ளையையே ஏற்றி நிறுத்தியிருக்கிறேன்.

பிறகு தகர டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உங்கள் கடிதம் இருபத்து மூன்று. ஒன்றையும் நான் பிரித்ததில்லை, பிரிக்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். அவள் எல்லாவற்றையும் ஆவியில் காட்டிப் பிரித்து, படித்து, பசை வைத்து ஒட்டி வைத்திருக்கிறாள். குறை பார்த்தே பிழைக்கிறவள் நான், ஒரு உறையின் ஓரத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “குழாய் சொட்டுறப்பல்லாம் நீ அப்பாவைத் திட்டுற. சொட்டு நின்னா திட்டும் நிக்கும்னு பாத்தேன்” என்றாள்.

அன்று சாயங்காலமே இருபத்து மூன்றையும் படித்தேன். கெஞ்சல் இருக்கும், சமாதானம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். திருகு நிற்காமல் ஓட்டை பெரிதாகிவிட்டால் தலை வெட்டிய தீக்குச்சியைப் பசையோடு செருகிவிட்டு முடுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். கீல் கம்பியோ தாழ்ப்பாளோ இறுகினால் கழற்றிச் சோப்பில் தேய்த்து மாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். வாஷர் மாற்றுவதற்கு முன் தண்ணீர் லைனை மூடு, மூடாவிட்டால் உன் மூஞ்சியில்தான் அடிக்கும் என்று. எனக்கு எழுதியதை எல்லாம் அவள் செய்து பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் அவளைப் பற்றி நாலு வரி. எதையாவது பிரித்தால் திட்டாதே, கழற்றியதை வரிசையாகத் துணியில் வைக்கச் சொல், முதலில் கழற்றியதைக் கடைசியில் மாட்டச் சொல். பொய் சொன்னால் உடனே பிடிக்காதே, அவளே வந்து சொல்ல இரண்டு நாள் கொடு. இதை முன்பே படித்திருந்தால் நான் பொறி வைத்திருக்க மாட்டேன்.

எட்டாவது கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்றைக்கு இஸ்திரிப் பெட்டி பிளக்கில் செருகியிருந்தது, அவள் உள்ளே விரலை வைக்கப் போனாள், நீங்கள் ஒயரைப் பிடுங்கிய கையோடு அறைந்துவிட்டீர்கள் என்று அதில் இருக்கிறது. செருகியிருந்தது என்பது சமாதானம் இல்லை, அடித்தது அடித்ததுதான் என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். இதை ஏன் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லவில்லை என்று உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. வாலுவைக் கேட்டேன், அவள் சொல்ல வந்தாளாம். நான்தான் கேட்கவில்லையாம்.

நான் முழுக்க நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கடிதத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஓங்குகிற கை மறுபடி ஓங்காது என்று யார் உறுதி சொல்வது என்ற பயம் எனக்கு இருந்துகொண்டேதான் இருக்கிறது. வியாழக்கிழமைக்குப் பிறகு அந்தப் பயம் என் கையைப் பற்றியும் இருக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீங்களும் அவளிடம் கேட்க வேண்டும், அதை உறைக்குள் போட்டு அனுப்பினால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. மின்சார வேலையைப் பற்றி இனிமேல் கடிதத்தில் ஒரு வரியும் எழுத வேண்டாம். அவள் படித்தால் செய்வாள். பக்கத்தில் நின்று காட்ட வேண்டிய வேலை அது. அந்த அறையின் ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டேன். நாங்கள் இருவரும் ஹாலில்தான் படுக்கிறோம். காற்று அவ்வளவாக இல்லை, பரவாயில்லை, கொஞ்ச நாள் சமாளிப்போம்.

ஓனர் காலையில் வந்து, எலக்ட்ரீஷியனை அனுப்பட்டுமா என்று அவராகவே கேட்டார், அதிசயம்தான். வேண்டாம், எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா