கண் மூடிய லேயர்

கவரைப்பேட்டை
3.7.2005

அன்புள்ள நைனாவுக்கு, சலோமி ஸ்தோத்திரத்தோடு எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? பண்ணைக்குப் போன் போட்டுப் பேசச் சொல்லி அம்மா தினமும் திட்டுகிறாள். போனில் எனக்கு 'ம்' என்பதைத் தவிர வேறொன்றும் வராது என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் கடிதம்.

ஒரு நல்ல செய்தி. கும்மிடிப்பூண்டி துணிக் கம்பெனியில் இனி எனக்குப் பிசிறு வெட்டுகிற வேலை இல்லை. டிசைன் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பொறுப்பு எண்ணூர்க்கார கிறிஸ்டினா அக்கா. அவருக்கு உதவியாக இருந்த பெண் ஓயாமல் பேசுவாளாம். "இந்த தபா வாயே தொறக்காத ஆளா குடுங்க சார்" என்று கேட்டிருக்கிறார். மேஸ்திரி அப்பாவு அண்ணன் யோசிக்கவே இல்லை, என்னைக் கை காட்டிவிட்டார். பேசாததற்கு எனக்குக் கிடைத்த முதல் பரிசு இது.

இப்போது எனக்கு லேயர் வேலை. முதலில் நான்கு லேயர் கொடுத்தார்கள், இப்போது பன்னிரண்டைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கண் உண்டு. கண்ணை மூடிவிட்டால் அந்த லேயர் இருக்கிற இடமே தெரியாது. வேலை முடிந்ததை லாக் பண்ணிவிட வேண்டும். வேண்டாததை இழுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டால் தீர்ந்தது. மௌஸ்தான் இன்னும் கைக்கு அடங்கவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்
சலோமி


புதன்சந்தை
14.7.2005

அன்பு மகள் சலோமிக்கு நைனா பாக்கியநாதன் எழுதிக்கொள்வது.

உன் கடிதத்தைப் படித்த சந்தோஷத்தில் தீவனம் போட மறந்து முதலாளியிடம் பேச்சு வாங்கினேன். அப்பன் பார்க்கிற அதே லேயர் வேலை, முட்டைக்கோழி வேலை, மகளுக்கும்! துணிக் கம்பெனிக்காரர் முட்டைப் பண்ணையும் வைத்திருப்பது எனக்குத் தெரியாது. கோழி ஷெட்டுக்கு டிசைன் ரூம் என்று பெயர் வைத்திருக்கிறாரே, பெரிய ஆள்தான்.

பன்னிரண்டு கோழி ஒன்றும் பெரிதில்லை. ஆனாலும் கவனம் வேண்டும். கண் மூடி உட்கார்ந்திருப்பது சீக்குக் கோழி. இருக்கிற இடம் தெரியவில்லை என்று விட்டுவிடாதே, உடனே தனியாகப் பிரித்து வை. விட்டால் கூண்டு மொத்தமும் போய்விடும். வேண்டாததைக் குப்பைத் தொட்டியில் போடுகிறாயா? உயிரோடவா? யார் உனக்கு இந்தப் பாவத்தைச் சொல்லிக் கொடுத்தது? மௌஸ் என்றால் எலி என்று எங்கள் சூப்பர்வைசர் சொன்னார். தீவனம் இருந்தால் எலி வரத்தான் செய்யும். அதைக் கையால் பிடிக்கப் போகாதே, கடித்துவைக்கும்.

இன்னொன்று. லேயர் வேலைதான் என்றால் அங்கே எதற்கு? முதலாளியிடம் பேசிவிட்டேன். உனக்கு முட்டை தரம் பிரிக்கிற வேலை, நாம் மூன்று பேரும் இருக்க ஒரு ரூம். கிறிஸ்துமஸுக்கு வந்து உன்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒண்டியாகச் சமைத்து ஒண்டியாகத் தின்று நாக்கு செத்துவிட்டது.

இப்படிக்கு,
நைனா


கவரைப்பேட்டை
24.7.2005

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எலி வந்த இடத்தில் எனக்கு மேலே படிக்க முடியவில்லை. அம்மா அடுப்பில் இருந்த குழம்பை மறந்து சிரித்தாள். "இன்னா மனுசன்டி உங்க நைனா! ஊரெல்லாம் கோழியா தெரியுது அவருக்கு. கோழி கூடவே இருந்துக்கினு கோழியாவே ஆயிட்டாரு" என்றாள். குழம்பு தீய்ந்துவிட்டது. அன்றைக்கு ஊறுகாய்தான்.

தப்பு என்னுடையது. கம்ப்யூட்டர் என்ற வார்த்தையையே நான் எழுதவில்லை. ஒன்பதாவதோடு நின்றவள் கம்ப்யூட்டர் என்று எழுதினால் பீற்றிக்கொள்வது போல இருக்குமே என்று கூச்சம். நான் பார்ப்பது கோழி இல்லை நைனா. கம்ப்யூட்டரில் நைட்டித் துணிக்குப் பூ போடுகிற வேலை.

லேயர் என்றால், கண்ணாடித் தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் கொடி மட்டும், இன்னொன்றில் இலை, அதற்கு மேல் பூ. எல்லாவற்றையும் அடுக்கி மேலிருந்து பார்த்தால் ஒரே படம். பூவின் நிறம் பிடிக்காவிட்டால் பூத் தாளை மட்டும் மாற்றலாம், கொடிக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு தாளின் பக்கத்திலும் குட்டியாக ஒரு கண் வரைந்திருக்கும். அதை அழுத்தினால் தாள் மறைந்துவிடும், திரும்ப அழுத்தினால் வந்துவிடும். மௌஸ் என்பது கையில் வைத்து நகர்த்துகிற சோப்புக்கட்டி மாதிரி ஒன்று. கடிக்காது.

கிறிஸ்டினா அக்கா என்னை சொந்தமாக ஒரு டிசைன் போடச் சொல்லியிருக்கிறார். "பூவே வேணாம் சலோமி, பூவைப் பாத்துப் பாத்து எனக்கே பேஜாரா கீது" என்றார். உங்கள் கடிதத்தால் கோழி போடலாம் என்று தோன்றியது. போட்டுப் பார்த்தேன், காக்காய் மாதிரி வந்தது. வெள்ளைக் கோழி எப்படி இருக்கும், எப்படி நிற்கும் என்று எழுதுங்கள்.

கிறிஸ்துமஸ் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

சோப்புக்கட்டியோடு போராடும்
சலோமி


புதன்சந்தை
9.8.2005

அன்பு மகளுக்கு,

நான் சூப்பர்வைசரிடம் வேறு பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். இப்போது கூண்டுப் பக்கம் வரும்போதெல்லாம் "எலி மாட்டுச்சாங்க?" என்று கேட்கிறார்.

கோழி கேட்டாயே. உடம்பு வெள்ளை. கொண்டை பெரிதாக வளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், தொப்பியைக் கோணலாக வைத்த மாதிரி. நேராக நம்மைப் பார்க்காது. தலையைத் திருப்பி ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கும், நீ விருந்தாளிகளைக் கதவு இடுக்கில் பார்ப்பது போல. காலையில் நான் தீவன வண்டி தள்ளிக்கொண்டு வந்தால் வரிசையாகக் கழுத்துகள் வெளியே வரும். அப்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

நீ சொல்லும் கண்ணாடித் தாள் எனக்கு விளங்கவில்லை. கரண்ட் போனால் உன் பூ எல்லாம் எங்கே போகும்? முட்டை கரண்ட் போனாலும் முட்டைதான். முதலாளியிடம் சொன்னது சொன்னதுதான். ரூமுக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். டிசம்பரில் வருகிறேன், துணிமணியைக் கட்டி வை.

நைனா


கவரைப்பேட்டை
20.10.2005

அன்புள்ள நைனாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபப்படாதீர்கள். எழுதி எழுதிக் கிழித்தேன். அதற்குள் கோழி டிசைன் முடிந்துவிட்டது.

உடம்புக்கு ஒரு லேயர், கொண்டைக்கு ஒன்று, காலுக்கும் அலகுக்கும் ஒன்று, அடியில் பச்சை. ஒரு கட்டம் போட்டுவிட்டால் அதுவே திரும்பத் திரும்பத் துணி முழுக்க வரும். அதில்தான் சிக்கல். வலது ஓரத்தில் ஒரு கோழி பாதி வெட்டுப்பட்டால் மீதிப் பாதி இடது ஓரத்தில் தொடங்க வேண்டும். நான் உடம்பு லேயரை மட்டும் நகர்த்திவிட்டுக் கொண்டையை விட்டுவிட்டேன். கோழி ஒரு பக்கம், கொண்டை தனியாகப் புல்லில். "இன்னாடி இது, கோழிக்கு மொட்டை போட்டு முடிய காணிக்கை குடுத்துட்டியா?" என்று கிறிஸ்டினா அக்கா மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ரூமே திரும்பிப் பார்த்தது.

சரி செய்துவிட்டேன். துணி அச்சாகிவிட்டது. மெஷினிலிருந்து வெள்ளைக் கோழிகள் வரிசை வரிசையாக இறங்கி வந்தபோது அப்பாவு அண்ணன் "ஏ சலோமி, உன் பண்ணை வருது பாரு" என்று கூப்பிட்டார். முதல் லோடு ஈரோட்டுக்குப் போயிருக்கிறது.

நைனா, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. அதனால்தான் படிப்பை நிறுத்தினேன். அப்போது நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை. இங்கே யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்வதில்லை. நான் சொல்ல நினைப்பதைத் துணியில் போட்டால் போதும்.

நான் அங்கே வரவில்லை. உங்களைவிட வேலை பெரிது என்பதால் இல்லை. நான் உங்களிடம் மாட்டேன் என்று சொல்வது இதுதான் முதல் முறை. நீங்கள் கட்டாயம் வா என்றால் வருவேன். ஆனால் அதற்கு முன் அந்தத் துணியை ஒரு தடவை பாருங்கள்.

சலோமி


புதன்சந்தை
4.12.2005

என் செல்ல மகள் சலோமிக்கு,

உன் கடிதம் வந்த பிறகு நான் பதில் எழுதவில்லை. கோபம்தான். வெள்ளை அடித்த ரூமைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வந்தது.

நேற்று சந்தைக்குப் போனேன். வெங்காயக் கடையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிறார். பார்த்தால் முதுகு முழுக்க என் கோழிகள். கொண்டை கோணலாக, ஒற்றைக் கண்ணால் என்னையே பார்க்கின்றன. நான் அசையாமல் நின்றுவிட்டேன். அந்த அம்மா திரும்பி, "ஏனுங்க, வெங்காயத்தப் பாக்குறீங்களா, என்னையப் பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு நாக்கு குழறிவிட்டது. "எம் பொண்ணு போட்ட கோழிம்மா" என்றேன். "கோழி முட்ட போட்டுத்தான் பாத்திருக்கறனுங்க, பொண்ணு கோழி போடுவாளா?" என்றார். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு நான் விவரம் சொன்னதும் அந்த அம்மா துணிக்கடை வரைக்கும் வந்து காட்டிக் கொடுத்தார். உன் அம்மாவுக்கு ஒரு நைட்டிக்கு வேண்டிய துணி எடுத்திருக்கிறேன்.

அதை ஷெட்டில் கூண்டுக்கு எதிரே கட்டித் தொங்கவிட்டேன். எல்லாக் கழுத்தும் வெளியே வந்தன. சூப்பர்வைசர் அப்புறம் எலி பற்றிக் கேட்கவில்லை.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன், என் மகள் ஊரில் சொந்தமாகப் பண்ணை வைத்திருக்கிறாள், விட்டுவிட்டு வர முடியாது என்று. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். கூட்டிப்போக இல்லை, உன் சிரிப்புச் சத்தத்தைக் கேட்க. திரும்பும்போது அம்மாவை மட்டும் கொஞ்ச நாள் என்னோடு அனுப்பு. கருவாட்டுக் குழம்பு தின்று வருஷமாகிறது.

ஒரே ஒரு குறை. ராத்திரி விளக்கடியில் துணியை விரித்து ஒவ்வொரு கோழியாகப் பார்த்தேன். ஓரத்தில் ஒன்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. துணி முழுக்கத் தேடினேன், அது திரும்பத் திரும்ப வருகிறது. உனக்கு முதல் கடிதத்திலேயே எழுதினேனே? அது சீக்குக் கோழி. உடனே தனியாகப் பிரித்து வை. அது கண்ணைத் திறக்கிற வரைக்கும் நீ அந்த ரூமை விட்டு எங்கேயும் போகக் கூடாது.

உன் நைனா
பாக்கியநாதன்