புத்தூரில் நின்ற இருபது நிமிடம்

என்னை "டேய்" என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆளான என் அக்காவுக்கு,

திருமலையில், மேலே பார்க்கிங்கில், வண்டியை நிழல் பார்த்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். காலையில் ரேணிகுண்டாவில் ஏற்றிக்கொண்ட குடும்பம் தரிசன வரிசையில் நிற்கிறது. அவர்கள் வெளியே வர எப்படியும் நாலைந்து மணி நேரம் ஆகும். எழுதுவதற்கு ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம்தான் கிடைத்தது. என் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது, பொறுத்துக்கொள்.

இதை மடித்து ஒளித்து வைக்கப் போவதில்லை அக்கா. நம் ஆட்கள் எல்லோரும் படிக்கட்டும். ஏனென்றால் நான் பொய் சொன்னது அவர்கள் எல்லோரிடமும்தான்.

உனக்கு நெஞ்சு வலி வந்த அன்று, நகரியிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரி வரை எங்கேயும் நிற்காமல் ஓட்டினேன் என்று சொன்னேன். நிற்காமல் ஓட்டவில்லை. புத்தூரில் நிறுத்தினேன். "காஸ் தான்டா, ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிடும்" என்று நீ சொன்னாய். நானும் நம்பினேன். உனக்கு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, நின்றதுதான் நின்றோம் என்று நான் ஒரு டீயும் குடித்தேன். இருபது நிமிடம். வடமாலப்பேட்டை தாண்டியதும் பின் சீட்டில் உன் பேச்சு நின்றுபோனது. தூங்குகிறாய் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "வழியில எங்கயாச்சும் நிறுத்துனீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று அவர் பாதியில் விட்டுவிட்டார். அந்தப் பாதி வாக்கியத்தோடு இரண்டு வருடம் குடித்தனம் நடத்தினேன் அக்கா. மாமா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என் தோளைத் தட்டி, "எம் மச்சான் ஆம்புலன்ஸ்காரனத் தோக்கடிச்சான்யா, எங்கயும் நிக்கல" என்று சொல்கிறார். நான் சாம்பார் வாளியைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விடுவேன்.

உன் பெண்ணிடமும் அதே பொய்தான். புவனா ஸ்பெயினிலிருந்து விமானம் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "அம்மா ஏதாச்சும் சொன்னாளா மாமா?" என்று கேட்டாள். "பேசவே இல்லம்மா, நேரா வந்தோம்" என்றேன்.

இப்போது அந்த ஸ்பெயினுக்கே போய்விட்டு வந்திருக்கிறேன். புவனா மாசமாக இருந்தாள். வளைகாப்புக்கு அம்மா வீட்டு வளையல் போட உன் பக்கத்தில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? டிக்கெட் அனுப்பினாள். நம் கடைவீதியில் அவள் பழைய அளவு சொல்லி இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினேன். சட்டைகளுக்கு நடுவில் சுற்றி, ஒன்று கூட உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இதற்காவது நீ என்னை மெச்ச வேண்டும்.

வளைகாப்பு முடிந்த மறுநாள் புவனா, அவள் புருஷன், நான் மூன்று பேரும் காரில் கிளம்பினோம். கடலோரத்தில் அவர்கள் வீடு. அங்கிருந்து மலைக்கு ஏறி, உச்சியில் ஓர் ஊரில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் மலைப்பாதை வழியாகவே கிரனாடாவில் இறங்குவது என்று திட்டம். கிரனாடா பழைய ராஜாக்களின் ஊர். ஒரு குன்று முழுக்கச் சிவப்புக் கோட்டை. அதை எனக்குக் காட்ட வேண்டும் என்று புவனாவுக்கு ஒரே ஆசை. ஏழாம் மாதத்தில் மலையா என்று கேட்டேன். டாக்டர் போகலாம் என்றாராம். டாக்டருக்கு மேல் நான் என்ன சொல்ல?

அந்த மலையை நீ பார்த்திருக்க வேண்டும். சரிவில் வெள்ளை வெள்ளையாக வீடுகள், மொட்டை மாடி வைத்து, நம் பக்கத்து வீடுகள் மாதிரியே. பின்னால் சிகரத்தில் பனி. தங்கிய ஊரில் கடைக்குக் கடை பன்றித் தொடையை உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். நான் கோவிந்தா என்று தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன், புவனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் புருஷன் கிரண் அந்த ஊரின் கல் பாவிய சந்தில் இறங்கும்போது வலது காலைப் பிசகிக்கொண்டான். காலையில் கணுக்கால் வீங்கி, பிரேக்கை மிதிக்க முடியாது என்றான். நான்தான் ஓட்டுகிறேன் என்றேன். திருப்பதி ஆர்டிஓ ஆபீசில் வெளிநாட்டு பர்மிட் வாங்கி வைத்திருந்தேன், சும்மா ஒரு கெத்துக்காக. அது உதவிக்கு வந்தது.

அங்கே எல்லாம் தலைகீழ். ஸ்டீயரிங் இடது பக்கம், வண்டி ஓட வேண்டியது சாலையின் வலது பக்கம். முதல் அரை மணி நேரம் பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி ஓட்டினேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், பல இடத்தில் தடுப்புச் சுவர் கூட இல்லை.

அப்போதுதான் கண்ணாடியில் புவனாவின் கையைப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். முந்தாநாள் கலகலவென்று உருண்ட வளையல்கள் அன்றைக்கு நகரவில்லை. மணிக்கட்டுச் சதையில் பதிந்து நின்றன. முகமும் உப்பியிருந்தது.

"என்னாச்சும்மா?"

"ஒண்ணும் இல்ல மாமா. தல வலிச்சிக்கினே இருக்குது. இங்க மேல ஒரு மாரி புடிச்சிக்கினு இருக்குது. நேத்து துன்ன சீஸ் ஒத்துக்கல. காஸ் தான்."

கிரண் சித்தூர்ப் பையன், தெலுங்குக்காரன். என்னைச் சித்தப்பா முறை வைத்து "பாபாய்" என்பான். "ஏம் காது பாபாய், காஸே", ஒன்றும் ஆகாது, வெறும் காஸ்தான் என்று அவனும் சொன்னான்.

"அடுத்த ஊர்ல நிறுத்துங்க மாமா," என்றாள் புவனா. "சோடா மாரி ஏதாச்சும் குடிச்சா சரியாப் போயிடும்."

அக்கா, அதே வார்த்தை. உன் குரலை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

அடுத்த ஊர் வந்தது. சாலையோரத்தில் ஒரு காபிக் கடை, வெளியே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் நிறுத்தவில்லை.

"மாமா, கட போயிடுச்சி."

"நிறுத்த மாட்டேன். கிரனாடாவுல ஆஸ்பத்திரியிலதான் நிறுத்துவேன்."

"இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? நிறுத்துங்க மாமா, எனக்கு வாந்தி வருது."

"பையில எடுத்துக்கோ. நிறுத்த மாட்டேன்."

கிரண் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "எந்துக்கு பாபாய் இவ்ளோ பிடிவாதம்? அஞ்சு நிமிஷம்தானே?"

அந்த "அஞ்சு நிமிஷம்"தான் என்னை உடைத்தது. சாலையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "உங்கம்மாவும் இதையேதான் சொல்லிக்கினு வந்தா புவனா. காஸ், சோடா. நான் புத்தூர்ல நிறுத்தினேன். இருவது நிமிஷம். நேரா வந்தோம்னு ஒங்கிட்ட சொன்னது பொய்."

எனக்குக் கண் மறைத்தது. புத்தி அங்கே இல்லாதபோது கை பழைய வேலையைச் செய்யும். என் கைக்குத் தெரிந்த மலைப்பாதை இந்தத் திருமலைப் பாதை ஒன்றுதான். இங்கே ஏறுவதற்குத் தனிப் பாதை, இறங்குவதற்குத் தனிப் பாதை. இறங்கும்போது எதிரே வண்டி வரவே வராது. இருபத்தைந்து வருடமாக வளைவில் முழுச் சாலையையும் என் வீட்டு முற்றமாக நினைத்துத் திருப்பியவன். அதேபோல் இடது கை வளைவில் வண்டியை முழுக்க இடது பக்கம் போட்டேன்.

"ரைட்! பாபாய், ரைட், ரைட்!" என்று கத்தினான் கிரண்.

வலது பக்கம் போ என்று அவன் சொல்கிறான். என் காதில் விழுந்தது நம் ஊர் பஸ் கண்டக்டர் சொல்கிற "ரைட், ரைட்". வழி இருக்கிறது, போகலாம். நான் ஆக்சிலேட்டரை அழுத்தினேன் அக்கா.

வளைவுக்குள்ளிருந்து ஒரு பஸ் வந்தது. அதன் டிரைவர் கண்ணை நான் பார்த்தேன். பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி கோணலாக இழுத்துக்கொண்டு போய், பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சாண் விட்டு நின்றது. ஒரு சாணில் மூன்று உயிர், வயிற்றில் இருப்பதைச் சேர்த்தால் நான்கு.

பஸ்காரன் இறங்கி, கையை ஆட்டிக்கொண்டு திட்டியபடியே வந்தான். பின் சீட்டில் புவனா இருக்கும் இருப்பைப் பார்த்ததும் வாயை மூடினான். திரும்பிப் போய், அந்த வளைவில், பஸ்ஸைப் பின்னாலேயே ஏற்றி ஒதுக்கி எனக்கு வழிவிட்டான். அது எப்பேர்ப்பட்ட வேலை என்று இன்னொரு டிரைவருக்குத்தான் தெரியும். கும்பிட்டுவிட்டுப் போனேன்.

அதற்குப் பிறகு மெதுவாகத்தான் ஓட்டினேன். ஆனால் நிறுத்தவில்லை. சிக்னல் கிடைத்த இடத்தில் கிரண் அவசர நம்பருக்குப் பேசினான். ஆம்புலன்ஸ் மேலே ஏறி வருவதற்குள் நீங்களே இறங்கிவிடலாம், வாருங்கள் என்றார்களாம்.

புவனா பேசவே இல்லை. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். கோபமா, மயக்கமா? என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வடமாலப்பேட்டையில் நான் திரும்பிப் பார்க்காமல் விட்டவன் இல்லையா? வளைவுக்கு வளைவு கூப்பிட்டேன். "புவனா. ஏம்மா. பேசு. பேசாட்டி திட்டவாச்சும் திட்டு." கிரண் பின்னால் கையை நீட்டி அவள் விரலைப் பிடித்தான்.

ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. "ஓட்டுங்க."

அதைவிட நல்ல வார்த்தையை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

கிரனாடா வந்தது. தூரத்தில் குன்றின் மேல் அந்தச் சிவப்புக் கோட்டை தெரிந்தது. யாருக்குக் கோட்டை வேண்டும்? வழி காட்டுகிற போன் மேப்பில் நாங்கள் தங்க வேண்டிய ஹோட்டல் முகவரியே இருந்திருக்கிறது. மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அது எங்களைப் பழைய ஊருக்குள், இரண்டு ஆள் கை கோத்து நடக்க முடியாத சந்துக்குள் கொண்டுபோய் விட்டது. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர். கண்ணாடிகளை மடக்கி, தலையை வெளியே நீட்டி, சந்து முழுக்க ரிவர்ஸிலேயே வந்தேன். கதவில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. கிரண் போனில் ஆஸ்பத்திரி முகவரியைப் போட்டான்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ், இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு ஓடினாள். காஸ் இல்லையாம். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறி, ஈரலைப் பிடித்திருந்ததாம். வளையல் கழலவில்லை, ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார்கள். அன்றைக்கே ஆபரேஷன். டாக்டரம்மா பேசியதைக் கிரண் எனக்குச் சொன்னான். இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் என்று அவரும் சொன்னாராம். ஆனால் முழு வாக்கியமாகச் சொன்னார். இரண்டு பேரும் பிழைத்தார்கள் அக்கா. உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். உள்ளங்கையும் கொஞ்சமும்தான் இருந்தாள், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்து, ஊரைக் கூட்டுகிறாளாம்.

மூன்றாம் நாள் புவனா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். திட்டுவாள் என்று தயாராகப் போனேன். மன்னித்துவிட்டேன் என்பாளோ என்றுதான் அதைவிடப் பயமாக இருந்தது.

"கோவம் இருக்குது மாமா. அது தனி," என்றாள். "நான் கேக்கணும்னு நெனச்சது வேற. அந்த இருவது நிமிஷம் அம்மா என்னா பேசினா?"

எதற்கும்மா கேக்குற என்றேன்.

"நேரா வந்தோம், பேசவே இல்லன்னு சொன்னீங்க. அம்மா கடைசியா வலிச்சிக்கினே, பயந்துக்கினே போயிட்டான்னு ரெண்டு வருசமா நெனச்சிக்கினு இருக்கேன். அந்த இருவது நிமிஷத்த எங்கிட்டருந்து எடுத்து வச்சிக்கினீங்களே மாமா."

அக்கா, உன் சாவை மறைக்கிறேன் என்றுதான் நினைத்தேன். உன்னையே மறைத்து வைத்திருக்கிறேன் என்று அந்த நிமிடம் வரை எனக்கு உறைக்கவே இல்லை.

சொன்னேன். நீ கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததை. சோடா குடித்து ஏப்பம் விட்டு, "பாத்தியா, போயிடுச்சி" என்று சிரித்ததை. "பாஸ்போர்ட் போட்டோக்கு பொட்டு வச்சிக்கலாமாடா, அழிக்கச் சொல்லுவாங்களா? அழிக்கச் சொன்னா நான் போவல, புவனாவையே இங்க வரச் சொல்லிடு" என்று நீ சொன்னதை. சோடாக் கடைக்காரர் தெலுங்கில், பொட்டு வைக்கலாம்மா, எங்கள் வீட்டில் வைத்துத்தான் எடுத்தார்கள் என்றதும், "அப்ப எடுத்துடலாம்டா" என்று நீ எழுந்து நின்றதை.

புவனா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள். பொட்டு விஷயத்தை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

நாளைக் காலை நகரிக்குப் போகிறேன். மாமா கோபப்படுவார், கை நீட்டினாலும் நீட்டுவார், நீட்டட்டும். எப்படி இருந்தாலும் நிறுத்தியதைச் சொல்வேன், டீ குடித்ததையும் சொல்வேன். அதோடு விடமாட்டேன். நீ உட்கார்ந்தது, சிரித்தது, கேட்டது, ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் எழுவேன். அவருக்கும் சேர வேண்டிய இருபது நிமிடம் அது, இனி ஒரு நாள் கூட அதை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

உன் தம்பி,
முனிரத்தினம்