பத்து நாள் ரொட்டிக்குப் பிறகு பூண்டு ரசம்

ஐப்பசி 18, செவ்வாய்

விவசாய ஆபீஸில் எங்களை வடக்கே சுற்றுலா கூட்டிப்போன பத்து நாளும் ரொட்டியும் பருப்பும்தான். மூன்றாம் நாளே நாக்கு செத்துவிட்டது. நம் தோட்டத்துப் பூண்டில் நாலு என் பையில் இருந்தது. ஓட்டல் சமையல்காரனிடம் கொடுத்து, ரசம் வை என்று ஜாடையில் கெஞ்சினேன். அவன் எண்ணெயில் வறுத்து ரொட்டிமேல் தூவிக் கொடுத்தான். அழுகையே வந்துவிட்டது.

இன்று சாயங்காலம் மேல்மலை பஸ்ஸில் வந்து இறங்கியதும் மனைவி செல்வியிடம், "வெரசா பூண்டு ரசம் வையி" என்றேன். வைத்தாள். மூன்று தடவை சோறு வாங்கித் தின்றேன். அவளும் பிள்ளைகளும் தோசை சுட்டுக்கொண்டார்கள்.

"நீங்கல்லாம் ரசம் ஊத்திக்கலையா?"

"பகல் பூரா காட்டுல பூண்டோடதான் கெடக்கோம். வீட்லயும் அந்த வாடையாங்க? நீங்க இல்லாத பத்து நாளும் ஒரு பல்லுகூட உரிக்கல. நிம்மதியா இருந்துச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிள்ளைகளும் சிரித்தார்கள்.

பதினாறு வருஷமாக அந்த ரசத்தை வீட்டுச் சாப்பாடு என்று நினைத்திருக்கிறேன். வீட்டில் ஒருத்தருக்கும் பிடிக்காததற்காகவா அவ்வளவு தூரத்தில் போய் ஏங்கினேன்?

படுக்கும்போது, நாளைக்கு என்ன வைக்கட்டும் என்று கேட்டாள்.

தோசையே போதும் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.