வெள்ளி விளிம்பிலிருந்த கோடு

ஆகஸ்ட் 14, வெள்ளி

இன்று பொய் சொல்லிவிட்டேன்.

லிட்டில் இந்தியாவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் காதர் அண்ணன், ஜெர்மன் இராணுவத்தின் இரும்புச் சிலுவைப் பதக்கம் ஒன்றை நீட்டினார். "டீச்சர், அசலா போலியா பாருங்க. நீங்க சொல்லிட்டா கஸ்டமர் மறுபேச்சு பேசமாட்டான்லா."

அந்த வகையைச் செய்த பட்டறையின் அச்சில் ஒரு கீறல் உண்டு. இட்டலித் தட்டில் கீறல் இருந்தால் எல்லா இட்டலியிலும் கோடு விழும். அதுபோல அங்கே செய்த எல்லாப் பதக்கத்தின் வெள்ளி விளிம்பிலும் மெல்லிய கோடு ஒன்று மேடிட்டிருக்கும். இல்லையென்றால் போலி.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரே புகைமூட்டம்.

"அசல்தான் அண்ணே" என்றேன்.

"டீச்சர் கண்ணுன்னா சும்மாவா!" என்று சிரித்தபடி வாங்கி வைத்தார்.

ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் வீட்டுக்கு வந்ததும், என் சேகரிப்பில் உள்ள அதே பட்டறைப் பதக்கத்தை எடுத்தேன். இருபது வருடமாக நான் பார்த்த கோடு. ஜன்னலோரம் பிடித்தேன், டார்ச் அடித்தேன், கண்ணாடியை மாற்றினேன். தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் வருடினேன். இருந்தது. கண்ணைத் திறந்தேன். இல்லை.

நாளை கடை திறந்ததும் போய் அந்தப் பதக்கத்தையும் நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். காதர் அண்ணன் கவனித்துவிட்டால் என்ன சொல்வேன்? எழுதும் இந்த வரி நேராகப் போகிறதா என்றுகூடத் தெரியவில்லை.