ஊமைக்கோட்டான் எந்தக் காரில்?

மார்ச் 6, வியாழன்

இன்று காதுப் பரிசோதனைக்கு ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க, எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் சரி" என்றேன். நான் சத்தம் ஒன்றும் அனுப்பாதபோதும் அழுத்திக்கொண்டே இருந்தார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. நேற்று மாலை அழைப்பு மணி கேட்டதாக நினைத்து நானும்தான் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன்.

ஞாயிறன்று ஓவியக் கூடம் போகலாம் என்று பூசணி செய்தி அனுப்பியிருக்கிறாள். வக்கீலும் வருகிறாளாம். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்து, ஆளுக்கொரு பட்டப்பெயர் வாங்கிய மூன்று பேரும் சேர்ந்து ஒரு முழு நாள்.

மார்ச் 8, சனி

சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு வெளியூர் மாற்றல் என்றுதான் இருவரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மாற்றலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இதே ஊரில் வேறு வீட்டில் இருக்கிறார். திரும்பி வரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

மகள் போனில் பேசும்போதெல்லாம், "ஆன்ட்டிங்ககிட்டயாவது சொல்லேம்மா, ஏன் உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்கறே" என்கிறாள்.

நாளை சொல்கிறேன். சாப்பிடும்போது. இல்லை, படம் பார்க்கும்போது. அப்போது யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லவில்லை.

வக்கீல் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டாள். பூசணி தன் காரில் நேரே வந்துவிட்டாள். திரும்பும்போது நான் யாரோடு போவது என்று வாசலிலேயே ஒரு பேச்சு நடந்து, மாறி, மறுபடியும் மாறி, முடிவாகாமலே உள்ளே போனோம்.

அங்கே வாடகைக்குக் காதுக்கருவி தருகிறார்கள். படத்தின் எண்ணை அழுத்தினால் ஒரு குரல் விளக்கம் சொல்லும். நான் வாய் திறப்பதற்குள் வக்கீல் மூன்று வாங்கிவிட்டாள். "காசு குடுத்து உள்ள வந்துட்டு சும்மா முழிச்சுட்டுப் போறதா?" என்றாள். அவ்வளவுதான், முதல் கூடத்திலேயே எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். வாரம் முழுக்க மற்றவர்கள் காதில் கருவி மாட்டுகிறவள் நான். எனக்கு ஞாயிறும் அப்படியே.

"பூசணி, ஒண்ணு சொல்லணும்" என்றேன். அவள் காதைக் காட்டினாள், படத்தைக் காட்டினாள், 'பிரமாதம்' என்று தலையாட்டினாள். அடுத்த கூடத்தில் வக்கீலின் தோளைத் தொட்டேன். ஒரு காதை மட்டும் விடுவித்து, "என்னடி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பாத்ரூம் எங்க?"

கை காட்டினாள். வேறு வழியில்லாமல் போய்விட்டு வந்தேன்.

சாப்பாட்டு மேசையில் வக்கீலின் முழங்கால் வலி, பூசணியின் மாமியார். பிறகு பூசணியே கேட்டாள்: "உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? டிரான்ஸ்ஃபர் கிடைச்சதும் ஆளு சிட்டாப் பறந்துட்டாரே." இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பிற்பகலில் மூலையில் ஒரு சின்ன அறைக்குப் போனேன். ஜன்னலோரம் ஒருத்தி குனிந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருக்கும் படம். அதற்கு எண் இல்லை, விளக்கமும் இல்லை. கருவியைக் கழற்றிவிட்டு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் யாருக்காகவும் உட்கார்ந்திருக்கவில்லை. தனியாகத்தான் இருந்தாள், ஆனால் அது அவளுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. அது எப்படி என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "மூடப் போறோம்மா" என்று காவலர் வந்து சொல்லும்வரை.

வாசலில் இருவரும் இல்லை. வெளியே இரண்டு காரும் இல்லை.

உள்ளே வைக்கக் கொடுத்திருந்த பையை வாங்கி, போனைப் பார்த்தேன். எடுத்த புகைப்படங்களை அனுப்பியிருந்தார்கள். ஒன்றில் என் முதுகு. அதன் கீழே வக்கீல், 'நல்லபடியா வீடு வந்தாச்சு'. பூசணி, 'நானும்'. நான் பூசணி காரில் என்று வக்கீலும், வக்கீல் காரில் என்று பூசணியும் நினைத்திருக்கிறார்கள். நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

மார்ச் 10, திங்கள்

யாரும் கேட்கவில்லை.

மார்ச் 12, புதன்

பூசணி கூப்பிட்டாள். "வக்கீல்கிட்ட இப்பதான் பேசினேன். நீ அவகூட வரலையாமே? அப்ப எப்படிடி வீட்டுக்குப் போனே?"

"பஸ்ல."

"ஒரு போன் பண்ண வேண்டியதுதானே, ஊமைக்கோட்டானே" என்றாள். "உன் சத்தம் கேக்கலைன்னா நீ பக்கத்துல இருக்கேன்னுதானே நாங்க நினைப்போம். அன்னிலேருந்து அப்படித்தானே?"

உண்மைதான். விடுதியிலும் அப்படித்தான். ஆனாலும் போனை வைத்த பிறகு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. குடையை மறந்து வெச்சுட்டு வந்தாக்கூட பாதி வழியில ஞாபகம் வருமே. நான் என்ன, குடைய விடக் கேடா?

மார்ச் 13, வியாழன்

மதியம் முன்னறிவிப்பில்லாமல் பூசணி வேலை செய்யும் இடத்துக்கே வந்து நின்றாள். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டாளாம். பேராசிரியைக்கு அழகுதான். "எனக்குக் காது சரியில்ல போல. பாத்துச் சொல்லு" என்றாள்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தேன். சின்னச் சத்தம் எல்லாவற்றுக்கும் சரியாகப் பட்டனை அழுத்தினாள். அடுத்தது சொல் பரிசோதனை. உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடாமலிருக்க அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ஒலிவாங்கியில் சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"மரம்."

"மரம்."

"தட்டு."

"தட்டு."

ஒலியைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன்.

"அவர் டிரான்ஸ்ஃபர்ல போகல."

"அவர் டிரான்ஸ்ஃபர்ல..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள்.

"என்னை விட்டுட்டுப் போயிட்டார். நான் தனியாத்தான் இருக்கேன்."

அதை அவள் திருப்பிச் சொல்லவில்லை. என்னையே பார்த்தபடி பட்டனை அழுத்தினாள். சொல் பரிசோதனையில் பட்டனுக்கு வேலையே கிடையாது. விடாமல் அழுத்தினாள். அழுத்தும்போதெல்லாம் என் பக்கத்து விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அட்டையை நான் நெடுநேரம் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மறுபடியும் ஓவியக் கூடம். ஒரே காரில் போனோம். காதுக்கருவி வாங்கவில்லை. விஷயம் தெரிந்துவிட்ட வக்கீல் வழியெல்லாம் விவாகரத்துச் சட்டம் பேசினாள். "இன்னிக்கு வேண்டாமே" என்றதும் நிறுத்திக்கொண்டாள், அதிசயம்.

பூசணி அந்தப் படத்துக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். "இவ நகம் வெட்டறதைப் பாக்கவாடி எங்களை விட்டே?"

"நீங்கதான் என்னை விட்டீங்க."

"அதுவும் சரிதான்" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். பூட்டைத் திறந்தேன், உள்ளே இருட்டு, என்றும் போலத்தான். விளக்கைப் போட்ட பிறகுதான் வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.